தொப்பி எங்கே, ஷெர்மத்?

கோக்-புலாக் கிராமம்
12 பிப்ரவரி 2003

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு, 'பாப்லர் தெரு' தொடரின் நாயகன் கெரிமின் இடது கையிலிருந்த கட்டு, அவன் சமையலறைக் கதவைத் தாண்டியதும் வலது கைக்கு மாறியது. உயிர்ச்சேதம் இல்லை. கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கத் தேவையில்லை. காயம் மட்டும் எந்தக் கைக்குப் போவதென்று தெரியாமல் கதவு நிலையிலேயே நிற்கிறது.

மதிப்புக்குரிய கதாசிரியர் கிளாரா எஜே அவர்களே, (வயதில் மூத்த பெண்ணை எஜே என்று சொல்லாவிட்டால் அம்மா என் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். அந்த மரியாதைக்கு வேறு காரணம் தேடவேண்டாம்.)

கட்டுக்கதை எழுதலாம். அதற்காகக் கட்டையே இப்படி ஓடவிடலாமா? கெரிமின் குதிரை பத்தாம் பகுதியில் சினைப்பட்டு இருபதாம் பகுதியில் குட்டி போட்டது. குதிரைக்குப் பதினொரு மாதம் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். நடுவில் பனிகூட உருகவில்லை, எஜே.

அதையும் பொறுத்தோம். பதினேழாம் பகுதியில் அந்த வீட்டு மூத்த மருமகள் முற்றத்தில் நின்றுகொண்டு மாமனாரை "சோரோன்! சோரோன்!" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாளே, அதை எப்படிப் பொறுப்பது? என் அம்மா வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. புகுந்த வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் பேரும் அவள் வாயில் வந்ததில்லை. அப்பா வழியில் செத்துப்போன யாரோ ஒருவர் பேர் இரும்பு என்பதால், இரும்பைக்கூட அவள் 'கடினமானது' என்றுதான் சொல்வாள். உங்கள் மருமகளைப் பார்த்ததும் அவள் தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டாள். மொத்தத்தில் உங்கள் தொடரில் எல்லாம் இருக்கிறது, தொடர்பு மட்டும்தான் இல்லை.

நான் யாரென்று கேட்பீர்கள். ஷெர்மத், வயது பதினைந்து. போன கோடையில் நான் எழுதி ஒட்டிய அறிவிப்பை நம்பி நாற்பது பேர் பஸ் நிறுத்தத்தில் சர்க்கஸ் யானைக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஷெர்மத். உங்கள் தொடருக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். யார் எந்தப் பகுதியில் என்ன சொன்னார், என்ன உடுத்தினார், எல்லாம் அதில் இருக்கிறது. என் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவன் நான். உங்கள் இருபத்தெட்டுப் பகுதி எம்மாத்திரம்?

இப்படிக்கு,
எதுவும் தப்பாத கண்ணுடைய
ஷெர்மத்

பி.கு. தபாலில் தொலைந்துவிடக்கூடாதே என்று இதன் நகல் ஒன்றைப் பத்திரிகைக்கும் அனுப்பியிருக்கிறேன்.


பிஷ்கெக்
4 மார்ச் 2003

தம்பி ஷெர்மத்,

உன் கடிதம் எனக்குக் கிடைக்கும் முன்பே பத்திரிகையில் கிடைத்துவிட்டது. எங்கள் இயக்குநர் அதைக் காலைத் தேநீர் நேரத்தில் எழுந்து நின்று வாசித்தார். காயம் கதவு நிலையில் நிற்கும் இடம் வந்ததும், பெருக்குகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் எனக்குக் கிளாரா என்று பேர் இல்லை. "கட்டு எஜே, டீ குடிச்சாச்சா?" "கட்டு எஜே, இன்னிக்கு எந்தக் கைல எழுதப் போறீங்க?"

ஒரு நாளைக்கு இரண்டு பகுதி எடுக்கிறோம். வெப்பக் குழாய் வேலை செய்யாத கூடத்தில், கோட்டைக் கழற்றாமல் எழுதுகிறேன். எந்தக் கை என்று பார்க்க எனக்கு ஆள் கிடையாது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உன்னுடைய நோட்டுக்கு இது வேண்டியதில்லை.

ஆனால் இவ்வளவு உழைத்த பிள்ளைக்குப் பரிசு தராமல் விட்டால் பாவம். மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பார். பக்கத்து வீட்டாரையும் கூப்பிடு.

கிளாரா


கோக்-புலாக்
25 மார்ச் 2003

கிளாரா எஜே,

கூப்பிட்டேன். எனக்கு என்ன கேடு வந்ததோ, கூப்பிட்டுத் தொலைத்தேன். 'நம்ம ஷெர்மத் பேரை டிவியில சொல்லப்போறாங்க' என்று பதினேழு பேர் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அவர்களுக்கென்று எண்ணெயில் பொர்சோக் பொரித்து வைத்தாள்.

என்ன வந்தது? கழுதைமேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஒருவன் வந்தான். "நான்தாங்க கோக்-புலாக் ஷெர்மத்" என்றான். தலையில் தொப்பியை வைத்துக்கொண்டே சந்தையெல்லாம் தொப்பியைத் தேடினான். கடைசியில் கெரிம் கேட்டான்: "தொப்பி எங்கே, ஷெர்மத்?" அவன் வாயில் விரலை வைத்துக்கொண்டு அழுதான்.

பதினேழு பேரும் முதலில் என் தலையைப் பார்த்தார்கள். பிறகு பேசியதை இன்னும் நிறுத்தவில்லை. நவ்ரூஸ் பண்டிகையன்று கோதுமைக் கூழ் கிண்டும் அண்டாவுக்குப் பக்கத்தில் போனேன். கிழவர்முதல் குழந்தைவரை, "டேய் ஷெர்மத், தொப்பி எங்கடா?" யானைக்குக் காத்திருந்த நாற்பது பேரும் வட்டிபோட்டு வாங்கிவிட்டார்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்தால் துடைத்துக்கொண்டு போவேன். விஷயம் வேறு. என் அண்ணன் நூர்தினுக்கு ஜும்கல் பக்கத்தில் சைகல் என்றொரு பெண்ணைக் கேட்டிருக்கிறோம். இரண்டு பேருக்கும் மூன்று வருடமாக ஒருவர்மேல் ஒருவர் உயிர். அப்பா நான்கு வருடமாகச் சைபீரியாவில் கட்டட வேலையில் இருக்கிறார். அண்ணன்தான் வீட்டைத் தாங்குகிறான். பெண்ணின் அப்பா ஓமூர், கால்நடை மருத்துவர், சிரிக்கவே தெரியாத மனிதர். உங்கள் தொடரைப் பார்த்துவிட்டு அவர் ஆள்மூலம் என்ன சொல்லியனுப்பினார் தெரியுமா? "கோமாளி வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதா வேணாமான்னு கொஞ்சம் யோசிக்கணும்." சொல்லும்போது மட்டும் சிரித்தாராம்.

அண்ணன் என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாயிருக்கிறது. மூன்று நாளாக என்னைப் பார்ப்பதேயில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் அந்தக் கோமாளியின் பேரை மாற்றுங்கள், இல்லை அவனைக் கொன்றுவிடுங்கள். செய்யாவிட்டால் பழி வாங்குவேன். எங்கள் பக்கத்தில் பழி என்பது குளிர்காலத்துக்கு உப்புப் போட்டு வைத்த இறைச்சி மாதிரி. நாள் ஆக ஆகத்தான் ருசி.

ஷெர்மத்
(நிஜமானவன்)


பிஷ்கெக்
18 ஏப்ரல் 2003

தம்பி,

அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஊர்ப் பேரைப் போட்டிருப்பேன். உன் பேரை அப்படியே வைத்திருப்பேன்.

இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது, எல்லாம் உன் பேருக்குத்தான். பிஷ்கெக் சந்தையில் 'தொப்பி எங்கே?' என்று எழுதிய தொப்பி விற்கிறார்கள். கெரிமுக்குக்கூட இவ்வளவு கைதட்டல் கிடையாது. இயக்குநர் சொல்கிறார்: "ஷெர்மத்தைக் கொன்னா உங்களைக் கொன்னுடுவேன், கட்டு எஜே." அவர்கூட.

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஒரு புதுப்பேர் வைத்தாய். பதிலுக்கு உன் பேரை நான் எடுத்துக்கொண்டேன். கணக்குத் தீர்ந்தது. சம்பந்தி வீட்டாரிடம் நீயே நேரில் போய், தலையில் தொப்பி இருப்பதைக் காட்டிவிட்டு வா.

கிளாரா


கோக்-புலாக்
15 மே 2003

கிளாரா எஜே அவர்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

மூன்றாம் பகுதி, போன நவம்பர். கெரிம் தன் ஏழு தகப்பன்மாரைச் சொல்கிறான். சோரோன், பெக்தூர், தூலோ, கல்பாய், ஜானிஷ், ஆறாவது எசெனமான், ஏழாவது போக்தோர்.

ஐம்பத்துநான்காம் பகுதி, முந்தாநாள். கெரிமின் காதலி பெர்மெத்தைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அவள் அப்பா தன் பரம்பரையைச் சொல்கிறார். பெர்மெத்திலிருந்து எண்ணுங்கள். ஆறாவது எசெனமான். ஏழாவது போக்தோர்.

ஒரே பேர் இரண்டு ஆளுக்கு இருக்கலாம் என்று சொல்ல வருகிறீர்கள். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து, அதே வரிசையில், அதே எண்ணில் இருப்பார்களா? நாடே மூக்கைச் சிந்திக்கொண்டு காத்திருக்கும் உங்கள் காதலர்கள் அண்ணன் தங்கை, எஜே. ஏழு தலைமுறைக்குள் ஒரே தகப்பன் வந்தால் கல்யாணம் கிடையாது. கட்டு கை மாறினால் சிரிப்பார்கள். ரத்தம் கலந்தால் சிரிக்கமாட்டார்கள். டிவிப் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிவார்கள். உங்கள் கட்டடத்தின் ஜன்னல்களுக்கு இப்போதே மரப்பலகை சொல்லிவைப்பது நல்லது.

இது நாட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. நவம்பரில் கேட்டதை மே மாதத்தில் யார் நினைவு வைத்திருப்பார்கள்? நான்தான். எப்படிப் பிடித்தாய் என்று கேட்டால், ரத்தத்தில் இருக்கிறது என்பேன். தன் தகப்பன்மாரைத் தூக்கத்திலும் தப்பில்லாமல் சொல்கிறவனுக்கு அடுத்தவன் பரம்பரையில் இருக்கும் ஓட்டை காற்றுபோல முகத்தில் அடிக்கும்.

இப்போது வெளியிடமாட்டேன். அவசரப்படுகிறவன் பழிக்கு லாயக்கில்லாதவன். கல்யாணப் பகுதி ஒளிபரப்பாகும் அன்று காலையில் பத்திரிகையில் வரும்.

தொப்பியுடன்,
ஷெர்மத்


பிஷ்கெக்
5 ஜூன் 2003

ஷெர்மத் தம்பி,

வேறு யாருக்காவது சொன்னாயா? முதலில் அதைச் சொல்.

மூன்றாம் பகுதியின் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. கல்யாணத்தை மே மாதமே எடுத்து முடித்துவிட்டோம். முந்நூறு பேர், நாற்பது குதிரை, ஒரு மலைச்சரிவு நிறைய கூடாரம். ஜூலை 25 அன்று வருகிறது. ஒளிபரப்பான நாடாவை அழித்துத்தான் அடுத்த பகுதியைப் பிடிக்கிறோம் என்பதால், பழைய பகுதியைப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. தட்டச்சுத் தாள் மட்டும்தான் இருக்கிறது.

எப்படி நடந்தது என்று நீயே கேட்பாய். முன்னோர்களைக் கற்பனை செய்ய எனக்குச் சோம்பல். கூச்சமும்தான், இல்லாத ஒருவரைச் செத்தவராகச் சொல்ல மனம் வரவில்லை. என் அப்பா ஜும்கல்காரர். சாகும் முன் தன் பரம்பரையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். எசெனமானும் போக்தோரும் நிஜமாக இருந்தவர்கள், எங்கள் வீட்டு ஆட்கள். நவம்பரில் அந்தத் தாளிலிருந்து கெரிமுக்குக் கடன் கொடுத்தேன். மே மாதம் குளிர் ஜுரத்தில் அதே தாளிலிருந்து பெர்மெத்துக்கும் கொடுத்துவிட்டேன். என் அப்பாவுக்கு அந்த உலகத்தில் முகம் காட்டமுடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என்மேல் வைத்திருக்கும் கோபம் நியாயம். ஆனால் தொடர் நின்றால் நான் மட்டும் போகமாட்டேன். நாற்பது பேர் போவார்கள், துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்த அம்மா உள்பட. கோமாளியின் பேரை மாற்றுகிறேன். உன் வீட்டுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறேன். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

கிளாரா எஜே


கோக்-புலாக்
18 ஜூன் 2003

கிளாரா எஜே,

ஆஹா! இப்போது கையெழுத்தில் எஜே வந்துவிட்டது. மார்ச்சில் எங்கே போயிருந்தது?

பேர் மாற்றம் பழைய விலை. அந்தக் கடையை மூடிவிட்டேன். இப்போதைய விலை இதுதான்: கோமாளி சாகவேண்டும். கல்யாணப் பகுதி தொடங்கும் முன் கெரிம் தனியாக வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நாடு கேட்க இதைப் படிக்கவேண்டும்: 'எங்கள் கதையில் பரம்பரை தவறிவிட்டது. பெர்மெத்தின் பட்டியல் செல்லாது. இதைக் கண்டுபிடித்தவர் கோக்-புலாக் ஷெர்மத். தன் ஏழு தகப்பன்மாரையும் பிழையில்லாமல் அறிந்தவர். அவரைக் கோமாளியாகக் காட்டியதற்கு வெட்கப்படுகிறோம்.' ஒரு எழுத்து குறையக்கூடாது.

எனக்கு நேரமில்லை. 28ஆம் தேதி சனிக்கிழமை சைகலுக்குக் கம்மல் போட ஜும்கல் போகிறோம். மாமியார் கையால் காதில் கம்மல் ஏறிவிட்டால் பெண் எங்கள் வீட்டுப் பெண். ஓமூர் கடைசியில் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கிறார்: "அந்தத் தொப்பிப் பையனையும் கூட்டிட்டு வாங்க. ஏழு தகப்பன் பேர் சொல்றானா பாக்கலாம்."

சொல்கிறேன். அவர் வீட்டு விரிப்பில், அவர் ரொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன். சிரித்த வாயை அவரே கையால் மூடிக்கொள்வார். உங்கள்மேல் ஒரு பழி, அவர்மேல் ஒரு பழி, ஒரு மாதத்துக்குள் இரண்டு. அண்ணன் நேற்று என் தோளைத் தட்டி, "டேய், மானத்தக் காப்பாத்திருவியாடா?" என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு.

வெற்றிக்கு இரண்டு படி கீழே நிற்கும்,
ஷெர்மத்


பிஷ்கெக்
4 ஜூலை 2003

ஷெர்மத்,

நீ ஜெயித்துவிட்டாய்.

கோமாளி நேற்று செத்தான். தொப்பி ஆற்றில் விழுந்துவிட்டதென்று குதித்தான். தொப்பி தலையில்தான் இருந்தது. கேமராக்காரர் அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், கோபத்தில்தான். வருகிற 22ஆம் தேதி பார்க்கலாம்.

கெரிம் உன் வாசகத்தைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தான். ஒரு எழுத்து குறையவில்லை. 'பிழையில்லாமல் அறிந்தவர்' என்ற இடத்தில் சற்று நிறுத்தி, அழுத்திச் சொல்லும்படி நானே சொல்லிக்கொடுத்தேன். கல்யாணப் பகுதிக்கு முன் வரும். படிக்கும்போது நான் கூடத்தின் மூலையில் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த தொடருக்கு இயக்குநர் வேறு ஆள் தேடுகிறார் என்று பெருக்குகிற அம்மா சொன்னாள். பாவம், சிரிக்காமல் சொன்னாள்.

இனி எனக்கு எழுதாதே. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதை ஒப்புக்கொண்டேன். போதும்.

கிளாரா


கோக்-புலாக்
13 ஜூலை 2003

அன்புள்ள கிளாரா எஜே,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். தபாலில் போட்டால் நாளாகும் என்று பிஷ்கெக் பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கிழிக்கும் முன் படித்துவிடுங்கள். கிழித்துவிட்டுப் படிப்பதானாலும் சரி.

எங்கே தொடங்குவது? பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறேன். போன டிசம்பரில் வரலாற்று ஆசிரியர் எல்லோரையும் ஏழு தகப்பன் பேர் சொல்லச் சொன்னார். எனக்கு ஐந்துதான் தெரியும். எஜே, ஐந்துதான். அப்பா சைபீரியாவுக்குப் போகும் முன் சொல்லிக்கொடுத்திருக்கிறார், என் தலையில் நிற்கவில்லை. அம்மாவிடம் கேட்டால் அவள் அந்தப் பேர்களைச் சொல்லமாட்டாள். என் நோட்டில் உங்கள் மூன்றாம் பகுதி இருந்தது. கெரிமின் ஆறாவதையும் ஏழாவதையும் எடுத்து என் ஐந்துக்குப் பின்னால் ஒட்டினேன். எசெனமான், போக்தோர். ஆசிரியர் ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டார்.

அன்றுமுதல் அவர்கள் எனக்கே தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். பெர்மெத்தின் அப்பா மே மாதம் அந்தப் பேர்களைச் சொன்னதும் நான் துள்ளி எழுந்தது அதனால்தான். 'ஐயோ, இது என் தாத்தா ஆச்சே!' ரத்தம், முகத்தில் அடிக்கிற காற்று என்று நான் அளந்ததெல்லாம் இவ்வளவுதான்.

ஜும்கலில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

அண்ணன் மாப்பிள்ளை என்பதால் பெரியவர்கள் முன்னால் உட்காராமல் வெளியே குதிரையோடு நின்றான். உள்ளே நான், அம்மா, எங்கள் பக்கத்துப் பெரியவர் என்று அப்பாவின் சித்தப்பா. அவருக்குக் காது அறவே கேட்காது. ஓமூர் புளித்த குதிரைப்பால் கிமிஸ் நிறைந்த கிண்ணத்தை நீட்டி, "சொல்லு பாக்கலாம், தொப்பி" என்றார். நான் எழுந்து நின்றேன். ஐந்தாவது பேர்வரை போனேன். அம்மா இறைச்சி வெட்டும் கத்தியை என் பக்கம் மெல்லத் தள்ளினாள். எனக்குப் புரியவில்லை. இன்னும் தள்ளினாள். கண்ணால் கத்தியைக் காட்டினாள். பேச்சு நன்றாயிருக்கிறது, இறைச்சி வெட்டி எல்லோருக்கும் கொடு என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தி, "ஆறாவது எசெனமான்! ஏழாவது போக்தோர்!" என்றேன். காது கேளாத தாத்தா எல்லாப் பேருக்கும் தலையாட்டியதுபோல் அதற்கும் ஆட்டினார்.

என் நிஜமான ஆறாவது தகப்பனின் பேர் தெமிர். இரும்பு. அம்மா சொல்லமுடியாமல் கத்தியைக் காட்டியிருக்கிறாள். பிப்ரவரியில் உங்களுக்கு எழுதினேனே, செத்துப்போன யாரோ ஒருவர் பேர் இரும்பு என்று. அந்த யாரோதான்.

ஓமூர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன், இன்னும் சத்தமாக. அவர் மனைவி கையால் வாயை மூடிக்கொண்டாள். ஓமூர் தன் பரம்பரையைச் சொன்னார். சைகலிலிருந்து எண்ணினால் ஆறாவது எசெனமான், ஏழாவது போக்தோர், எஜே. உங்கள் அப்பாவின் தாளில் இருப்பவர்கள். நீங்களும் அவரும் ஒரே வீட்டு ஆட்கள். நாடு முழுக்கத் தேடினாலும் இதைவிடச் சரியான வீட்டில் நான் திருட்டுத் தாத்தாவை இறக்கியிருக்கமுடியாது.

"ஆக, அண்ணன் தங்கச்சியா?" என்றார் ஓமூர். அவ்வளவுதான். அம்மா கம்மலைப் பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். சைகல் காதைக் குத்திக்கொண்டு உள்ளறையில் காத்திருந்தாளாம்.

அங்கேயே உண்மையைக் கத்தினேன். "அது டிவியில வந்த பேரு! நான் திருடினது!" ஓமூர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யானை வருதுன்னு சொன்னவன்தானே நீ?" என்றார். அப்பா சைபீரியாவிலிருந்து போன் செய்து சரியான பேர்களைச் சொன்னார். அதற்கு ஓமூர்: "ரொட்டி முன்னால ஒரு தாத்தா, போன்ல ஒரு தாத்தாவா? கல்யாணத்துக்காகத் தாத்தாவை மாத்தறவன் நாளைக்கு எதை மாத்தமாட்டான்?" மூன்றாம் பகுதி அவர்களுக்கு யாருக்கும் நினைவில்லை. ஊரிலும் இல்லை. நினைவிருக்கிற ஒரே ஆள் நான், என்னை நம்ப ஆள் இல்லை. மாத முடிவுக்குள் தீரவில்லையென்றால் சைகலுக்குக் கொச்கோரில் வேறு இடம் பார்ப்பார்களாம். அண்ணன் ஆடுகளோடு மேய்ச்சல் மலைக்குப் போய்விட்டான். போகும்போது என் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டுப் போனான். நான் தடுக்கவில்லை.

இப்போது 25ஆம் தேதி கெரிம் வந்து, ஷெர்மத் ஏழு தகப்பன்மாரையும் பிழையில்லாமல் அறிந்தவர் என்று அழுத்திச் சொன்னால், ஓமூர் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பார். அண்ணன் கதை அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி வாங்கிய வார்த்தை.

அதனால் கெஞ்சுகிறேன். அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் கெரிம் இப்படிச் சொல்லட்டும்: 'கோக்-புலாக் ஷெர்மத் எங்கள் மூன்றாம் பகுதியிலிருந்து இரண்டு முன்னோரைத் திருடித் தன் பரம்பரையில் சேர்த்துக்கொண்டான்.' நாடு சிரிக்கட்டும். தொப்பி போட்டு வேண்டுமானாலும் சொல்லட்டும். உங்கள் பட்டியல் தவறியதற்கும் நான்தான் காரணம் என்று போட்டுக்கொள்ளுங்கள், இயக்குநருக்கு அது உதவுமானால். அந்த மூன்றாம் பகுதித் தாளையும் உங்கள் அப்பாவின் தாளையும் எடுத்துக்கொண்டு ஜும்கலுக்கு ஒரு நடை வரமுடியுமா? ஓமூர் சொல்லியிருக்கிறார்: "எசெனமான் வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் வந்து, இந்தப் பையன் எங்க ஆளில்லைன்னு சொல்லட்டும், நம்பறேன்." அந்த ஒருத்தர் நீங்கள்தான். என்னை உங்கள் ஆளில்லை என்று சொல்வதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது என்று நம்புகிறேன்.

கோமாளி சாகும் பகுதி இன்னும் வரவில்லையே. முடிந்தால் அவனைக் கரையேற்றிவிடுங்கள். அதே பேரோடு இருக்கட்டும். அம்மாவுக்கு அவனைப் பிடிக்கும். எனக்கும், யாருமில்லாதபோது பார்த்தால், சிரிப்பு வரும்.

கட்டு எஜே என்று உங்களுக்குப் பேர் வந்ததற்கு மன்னியுங்கள். நகல் பத்திரிகைக்குப் போனது தொலைந்துவிடும் என்ற பயத்தினால் அல்ல.

தங்கள்,
ஷெர்மத்

பி.கு. என்னுடைய சரியான ஏழு பேரையும் ஓமூரிடம் காட்ட ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆறாவதும் ஏழாவதும் அப்பா போனில் சொன்னது, சந்தேகமில்லை. நான் முதலிலிருந்தே அறிந்த அந்த ஐந்தில், ஐந்தாவதை மட்டும் அப்பாவிடம் இன்னொரு தடவை கேட்கவேண்டும்.